வழக்கறிஞர் அலுவலக இணையதளமும் அளவான பெயர்ப்பலகையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு வழக்கறிஞர் அலுவலகங்களுக்கு ‘பிராண்டிங்’ செய்து, லோகோ வரைந்து, இணையதளம் அமைத்து, கூகுள் தேடலின் முதல் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவதாக வாக்களிக்கும் நிறுவனங்களின் அழைப்புகள், தாலுகா தலைநகரங்களில் தொழில் செய்யும் எங்களைப் போன்றோருக்கும் இப்போது வரத் தொடங்கிவிட்டன. ஒரு சீனியர், ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா என்ற அளவில் இயங்கும் அலுவலகங்களே இந்நாட்டில் மிகுதி. இவற்றுக்கு இணையதளம் தேவையா, தேவையென்றால் அதில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பது குறித்து வழக்கறிஞர்களிடமே தெளிவில்லாத நிலையில், பொதுமக்கள் நலனையும் சேர்த்து எண்ணிச் சில கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன்.

இந்தத் தொழிலில் விளம்பரம் கூடாது என்பது அனைவரும் அறிந்ததே. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் வகுத்துள்ள நடத்தை விதிகளில் 36ஆவது விதி, சுற்றறிக்கை, விளம்பரம், தரகர், நேரடித் தொடர்பு என எந்த வழியிலும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, வழக்கறிஞர் வேலை தேடிப் போகக் கூடாது என்கிறது. தாம் நடத்தும் வழக்கை ஒட்டித் தம் புகைப்படத்தை வெளியிடச் செய்வதும் கூடாது. பெயர்ப்பலகையைப் பற்றியும் அது பேசுகிறது. பலகை நியாயமான அளவில் இருக்க வேண்டும். அதிலோ லெட்டர்ஹெட்டிலோ சங்கத் தலைவர், பார் கவுன்சில் உறுப்பினர், முன்னாள் நீதிபதி, முன்னாள் அட்வகேட் ஜெனரல் என்றெல்லாம் குறிப்பிடக் கூடாது. குறிப்பிட்ட வகை வழக்குகளில் தேர்ந்தவர் என்றும் எழுதிக்கொள்ளக் கூடாது. (சங்கத் தேர்தல் காலத்தில் நீதிமன்றச் சாலை நெடுக எழும் பதாகைகளைப் பார்ப்பவர்கள், இப்படியொரு விதி இருப்பதை நம்ப மாட்டார்கள்.)

இந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கின் தொடர்ச்சியாக, 2008இல் விதி திருத்தப்பட்டது. அதன்படி வழக்கறிஞர் தம் இணையதளத்தில் ஒரு பட்டியலில் அடங்கிய விவரங்களைத் தரலாம். பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், பதிவெண், பதிவு நாள், எந்த மாநில பார் கவுன்சிலில் முதலில் பதிவு செய்தார், இப்போது எந்த மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறார், எந்தச் சங்கத்தின் உறுப்பினர், கல்வித் தகுதியும் தொழில் தகுதியும், சிவில், கிரிமினல், வரி, தொழிலாளர் என்பனபோல் நடத்தும் வழக்குகளின் துறை. அவ்வளவுதான். இதையும் இந்திய பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அதன் ஒப்புதலோடுதான் செய்ய வேண்டும். பட்டியலுக்கு வெளியே ஒரு விவரம் கூடுதலாக இருந்தாலும் அது விதிமீறலாகக் கருதப்பட்டு, வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவின்கீழ் ஒழுங்கு நடவடிக்கைக்கு இடமுண்டு.

இதில் ஒரு முரண் இருப்பதைக் கூர்ந்து படிப்பவர்கள் உடனே கவனிப்பார்கள். வாசலில் தொங்கும் பலகையில் ‘சிவில் வழக்குகள்’ என்று எழுதினால் தனித்தேர்ச்சி காட்டிக்கொண்டதாகக் குற்றம் சாட்டலாம்; அதே சொற்களை இணையதளத்தில் எழுதினால் பட்டியலின் கடைசி இனத்தின்படி அது அனுமதிக்கப்பட்டது. மறுபுறம், அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தை எந்தப் பலகையிலும் எழுதலாம். இணையதளத்தில் எழுதினால், பட்டியலை எழுத்துக்கு எழுத்துப் படிக்கும் ஒருவர் அதையும் கூடுதல் விவரம் என்பார். பேருந்து நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு எப்படி வருவது என்பதைக் காட்டும் வரைபடத்துக்கும் பட்டியலில் இடமில்லை. பதினேழு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பட்டியல் அப்படியே இருக்கிறது. மக்கள் கைப்பேசியில் தேடி முகவரி கண்டுபிடிக்கும் பழக்கம் பரவுவதற்கு முன்பே எழுதப்பட்டது அது என்பதை மறந்துவிடலாகாது.

விதியைத் தளர்த்திவிட வேண்டும், யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் விளம்பரம் செய்யலாம் என்பது என் வாதமன்று. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு, இணையவழிச் சேவைத் தளங்கள் வழக்கறிஞர்களுக்கு நட்சத்திர மதிப்பெண்ணும் விலையும் இட்டு வரிசைப்படுத்துவதைக் கடுமையாகச் சாடியது. வழக்கறிஞர் தொழிலில் பிராண்ட் கலாசாரம் சமூகத்துக்குக் கேடு என்றே அத்தீர்ப்பு சொன்னது. இணையம் வழியே வேலை தேடும் வழக்கறிஞர்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநில பார் கவுன்சில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் பார் கவுன்சிலும், நடிகர்களையும் சமூக ஊடகப் பிரபலங்களையும் கொண்டு சட்ட நிறுவனங்கள் செய்யும் விளம்பரங்களைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. இவற்றின் நோக்கத்தோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. விவாகரத்து வேண்டி வரும் பெண்ணை மூன்று வழக்கறிஞர்களின் விலையை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லும் தளம், அவளுக்கும் நன்மை செய்யவில்லை, தொழிலுக்கும் நன்மை செய்யவில்லை. அப்படிப்பட்ட தளத்துக்கு ஒவ்வொரு அழைப்புக்கும் இவ்வளவு என்று கட்டணம் செலுத்தும் வழக்கறிஞர், வழக்கறிஞர் அல்லாதவரோடு ஊதியத்தைப் பங்கிடக் கூடாது என்ற விதியையும் உரசிப் பார்க்கிறார்.

ஆனால், தடை இருப்பதாலேயே கட்சிக்காரர் நல்ல வழக்கறிஞரைத் தானாகக் கண்டடைந்துவிடுகிறாரா? விபத்தில் காயமடைந்தவரின் குடும்பத்தை அரசு மருத்துவமனை வாசலிலேயே சந்தித்து, கையெழுத்து வாங்கிச் செல்லும் தரகருக்கு இணையதளம் தேவையில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தின் எதிரே மேசை போட்டு அமர்ந்திருப்பவர், காவல் நிலையத்தில் பழக்கமுள்ளவர், பஞ்சாயத்தில் செல்வாக்குள்ளவர் என இவர்கள் கைகாட்டும் திசையில்தான் சிற்றூர் மக்கள் இன்றும் வழக்கறிஞரைத் தேடிப் போகிறார்கள். பம்பாய் நீதிமன்ற வளாகத்தில் கட்சிக்காரர்களை வழிமறித்துக் கையிலிருக்கும் காகிதங்களைப் பிடுங்கிய வழக்கறிஞர்கள் பற்றிய வழக்கில், 1975இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய பிடுங்கலை எவ்வளவு இழிவாகக் கருதியது என்பதைச் சட்டக் கல்லூரியில் அனைவரும் படிக்கிறோம். இன்றும் நடப்பது அதுவேதான். பிடுங்குபவர் மட்டும் கறுப்புக் கோட்டு அணியாதவராக மாறியிருக்கிறார். வழக்கறிஞரின் பெயரும் பதிவெண்ணும் முகவரியும் நடத்தும் வழக்குகளின் வகையும் யாரும் பார்க்கும்படி எளிய தமிழில் கிடைத்தால், தரகரின் பிடி சற்றேனும் தளரும். 2008 திருத்தத்தின் நல்ல பயன் அங்கேதான் இருக்கிறது. அதைத்தான் நாம் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம்.

பயன்படுத்தியவர்களும் எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தால் மனம் சோர்கிறது. பெரும்பாலான தளங்கள் ஏதோ ஓர் அமெரிக்க வார்ப்பை (டெம்ப்ளேட்) விலைக்கு வாங்கி, பெயரை மட்டும் மாற்றியவை. முகப்பில் ஒரு மரச்சுத்தியல் இருக்கும். நம் நீதிமன்றங்களில் எந்த நீதிபதியும் சுத்தியல் தட்டி நான் பார்த்ததில்லை. அதன் பக்கத்தில் கண்கட்டிய நீதிதேவதை நிற்பாள். உச்ச நீதிமன்றத்திலேயே 2024இல் கண்கட்டை அவிழ்த்து, வாளுக்குப் பதில் அரசமைப்புச் சட்டத்தைக் கையில் கொடுத்துப் புதிய சிலை வைத்துவிட்டார்கள் என்ற செய்தி இன்னும் வடிவமைப்பாளர்களை எட்டவில்லை போலும். வானளாவிய கண்ணாடிக் கட்டடங்கள் காணொளியாக ஓடும். அலுவலகமோ நெல் மண்டிக்கு மாடியில் இருக்கும். இவை வெறும் ரசனைக் குறைகள் என்று விட்டுவிடலாம். வார்ப்போடு சேர்ந்து வரும் வாசகங்களை அப்படி விட முடியாது. ‘வென்றால் மட்டுமே கட்டணம்’ என்பது அமெரிக்காவில் இயல்பான வாசகம். இங்கே வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் நடத்தை விதிகளில் 20ஆவது விதியின்படி தடைசெய்யப்பட்டவை. அந்த வாசகத்தைத் தம் தளத்தில் வைத்திருப்பவர், தமக்கெதிரான சாட்சியத்தைத் தாமே வெளியிட்டு வைத்திருக்கிறார். ‘மாவட்டத்தின் முதன்மை வழக்கறிஞர்’, ‘நூறு சதவீத வெற்றி’ போன்றவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

லோகோ என்ற பெயரில் அசோகச் சின்னத்தைப் பொறித்துக்கொள்வது இன்னொரு வழக்கம். 2005ஆம் ஆண்டின் தேசியச் சின்னத் தவறான பயன்பாட்டுத் தடுப்புச் சட்டம், எந்தத் தொழிலுக்காகவும் வணிகத்துக்காகவும் அச்சின்னத்தை அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அந்தச் சின்னத்தைக் கண்ட கட்சிக்காரர் இவர் அரசாங்க வக்கீல் என்று நம்பிவிடுவார் என்பதுதான் பொறித்தவரின் கணக்கும். அங்கியும் கழுத்துப் பட்டையும் அணிந்து புகைப்பட நிலையத்தில் எடுத்த படங்களை முகப்பில் வைப்பதையும் தவிர்க்கலாம். நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடங்களில் அவற்றை அணியக் கூடாது என்ற விதியின் உணர்வோடு அது பொருந்தவில்லை. தனியொருவராகத் தொழில் செய்பவர் பெயருக்குப் பின்னால் ‘அண்ட் அசோசியேட்ஸ்’ என்று சேர்த்துக்கொள்வதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். அந்த அசோசியேட்ஸ் யார் என்று தளத்தில் எங்கும் இராது. பெயரளவிலாவது பெரிதாகத் தோன்ற வேண்டும் என்ற இந்த ஆசை, சிறு அலுவலகத்தின் உண்மையான பலத்தை மறைத்துவிடுகிறது. வழக்கைக் கையில் வாங்கியவரே வாய்தாவுக்கு வருவார், கேட்டால் அவரே பதில் சொல்வார் என்பதுதான் அந்தப் பலம். பிராண்டிங் என்ற சொல்லுக்கு இத்தொழிலில் ஏதேனும் நேர்மையான பொருள் இருக்குமானால், அதைச் சொல்லாமல் சொல்வதாகத்தான் அது இருக்க வேண்டும்.

தளத்தைப் பார்க்க வருபவர் யார் என்று முதலில் கேட்டிருந்தால் இவற்றில் பாதி நேர்ந்திராது. எங்கள் பகுதியில் வழக்கறிஞரைத் தேடுபவர், பாகப்பிரிவினையில் தகராறுள்ள விவசாயி, காசோலை திரும்பிவந்த சிறு வியாபாரி, ஜீவனாம்சம் கேட்க நினைக்கும் பெண், வாடகைக்கு விட்ட வீட்டை மீட்க முடியாத ஓய்வூதியர் ஆகியோரே. இவர்கள் கையில் இருப்பது சாதாரணக் கைப்பேசி. அதில் தரவுத் திட்டமும் அளவானதே. காணொளியோடு கனத்துக் கிடக்கும் தளம் அவர்கள் கைப்பேசியில் திறப்பதற்குள் மூடிவிடுவார்கள். திறந்தாலும் முழுக்க ஆங்கிலம். வழக்கு நடக்கும் கீழமை நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழில், பத்திரம் தமிழில், கட்சிக்காரர் பேசுவது தமிழில். வழக்கறிஞரின் இணையதளம் மட்டும் ஆங்கிலத்தில் இருப்பதற்கு ஒரே காரணம், அது கட்சிக்காரருக்காக அல்லாமல் மற்ற வழக்கறிஞர்கள் பார்த்து வியப்பதற்காக அமைக்கப்பட்டதுதான். தமிழில் அமைத்த சிலவற்றிலும் இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டியிருப்பதால், வழக்கறிஞரே தம் தளத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத நிலை இருக்கிறது. யூனிகோடு எழுத்தில், ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தளவில், தொட்டால் அழைக்கும் தொலைபேசி எண்ணோடு ஒரு தளம் அமைப்பதற்கு எந்தப் பெரிய நிறுவனமும் தேவையில்லை; கணினி தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவரே போதும்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்கலாம் என்பதில்தான் விதியும் தேவையும் மோதுகின்றன. சொத்து வழக்குக்காக முதன்முறை வருகிறவர் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு வந்தால் ஒரே சந்திப்பில் வழக்கின் உருவம் தெரிந்துவிடும்; இல்லையேல் அவர் மூன்று முறை பேருந்து ஏற வேண்டும். காசோலை வங்கியிலிருந்து திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் பெற்றவருக்குப் பணம் கொடுக்க 15 நாள் அவகாசம், அது கழிந்தபின் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும் என்பது தெரியாமலே கெடுவைத் தவறவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சிவில் வழக்கில் சம்மன் பெற்றவர் 30 நாட்களுக்குள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாட்களுக்குள், எதிர்வழக்குரையை, அதாவது தம் தரப்புப் பதிலை, தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் அப்படியே. சம்மனைக் கூரையில் செருகிவைத்துவிட்டு ஒருதலைப்பட்சத் தீர்ப்பான பிறகு ஓடிவருவது எங்கள் அன்றாடக் காட்சி. இத்தகைய பொதுத் தகவலை ஒரு வழக்கறிஞர் தம் தளத்தில் தமிழில் எழுதி வைப்பது வேலை தேடுவதாகுமா? இதையே அவர் வார இதழின் கேள்வி பதில் பகுதியில் புகைப்படத்தோடு எழுதினால் யாரும் கேட்பதில்லை. பட்டியலின்படி பார்த்தால் தளத்தில் எழுதுவது தவறு. நோக்கத்தின்படி பார்த்தால், தன்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அந்தத் தகவலில் விளம்பரம் எங்கிருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

எழுதியதைக் காலத்துக்கேற்ப மாற்றாமல் விடுவதும் ஆபத்தே. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆயினும் பல தளங்களில் பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள் மட்டுமே கிடக்கின்றன. அந்நாளுக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்ற நுட்பத்தைச் சொல்லாமல் வெறும் பிரிவு எண்களைப் பட்டியலிடுவது படிப்பவரைக் குழப்பவே செய்யும்.

வடிவமைப்பாளர்கள் சிறிதும் எண்ணிப் பார்க்காத இன்னொரு விஷயம் ரகசியம். ‘உங்கள் பிரச்சினையை இங்கே எழுதுங்கள்’ என்று ஒரு படிவம் ஒவ்வொரு தளத்திலும் இருக்கிறது. கணவனிடம் அடிபடும் பெண் அதில் எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறாள். அது யாருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது? பல இடங்களில் தளம் அமைத்தவரின் பொதுக் கணக்குக்கும் ஒரு நகல் போகிறது. கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொல்வதை வெளியிடலாகாது என்ற பாதுகாப்பு முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் இருந்தது. இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆவது பிரிவில் இருக்கிறது. அந்தப் பாதுகாப்புக்கு உரிய செய்தி ஒரு விளம்பர நிறுவனத்தின் கணினியில் கிடப்பதை எந்த வழக்கறிஞரும் ஏற்கக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகளும் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. மற்றவர்களுக்கு அச்சட்டத்தைப் பற்றி ஆலோசனை சொல்லும் நாம் நம் தளத்திலேயே அதை மதிக்காமல் இருப்பது அழகன்று.

குடும்ப வழக்குகளில் இதன் கூர்மை இன்னும் அதிகம். நம் வீடுகளில் கைப்பேசி ஒருவருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. விவாகரத்துப் பக்கத்தைப் பார்த்த பெண்ணின் கைப்பேசியில் அடுத்த நாள் முதல் விவாகரத்து விளம்பரங்கள் தோன்றினால், அதைக் கணவனோ மாமியாரோ பார்க்க எவ்வளவு நேரமாகும்? விளம்பர நிறுவனங்களின் பின்தொடரும் நிரல்கள் வழக்கறிஞர் தளத்தில் அறவே இருக்கக் கூடாது. படிவம் வைத்தே தீர வேண்டுமென்றால், அதில் பெயரும், எந்த எண்ணில் எந்த நேரத்தில் அழைத்தால் பாதுகாப்பு என்பதும் மட்டும் கேட்டால் போதும். விவரத்தை எழுத வேண்டாம் என்றும் அங்கேயே சொல்லிவிடலாம். ‘எங்கள் சட்ட அலுவலகத்தைத் தொடர்புகொண்டதற்கு நன்றி’ என்று தானாகப் போகும் குறுஞ்செய்தியை உடனே நிறுத்த வேண்டும். அவசரமாக உதவி தேவைப்படுவோருக்குப் பெண்கள் உதவி எண் 181ஐயும், கட்டணம் செலுத்த முடியாதோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணையும் அந்தப் பக்கத்திலேயே குறிப்பிடுவது நம் வருமானத்தைக் குறைத்துவிடாது. பெண்களும் குழந்தைகளும் பட்டியல் இனத்தவரும், வருமானம் எவ்வளவாயினும், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி இலவச உதவிக்குத் தகுதியுடையவர்கள் என்பது பலருக்குத் தெரியாது.

நாம் இணையதளமே வைக்காவிட்டாலும் கூகுள் வரைபடத்தில் நம் அலுவலகத்துக்கு யாரோ நட்சத்திரம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தோற்ற கட்சிக்காரர் மட்டுமன்றி, வழக்கில் எதிர்த்தரப்பில் இருந்தவரும் அங்கே எழுதுகிறார். அதற்குப் பதில் எழுதப் புகுந்தால் வழக்கின் விவரம் வெளியாகும். எனவே எழுத முடியாது. காசு கொடுத்து நல்ல மதிப்புரைகளை வாங்கித் தருவதாகச் சொல்பவர்களிடமிருந்து விலகி நிற்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தளம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் நண்பர்கள் சரிபார்த்துக்கொள்வது நல்லது. தளத்தின் இணைய முகவரியை (டொமைன்) வழக்கறிஞர் பெயரில் அல்லாமல் தம் பெயரில் பதிவு செய்துகொண்டு, அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலின்போது பல மடங்கு தொகை கேட்கும் நிறுவனங்கள் உண்டு. எங்கள் சங்கத்து நண்பர் ஒருவர் கேட்ட தொகையைக் கொடுக்க மறுத்தபின், அவர் பெயரைத் தாங்கிய முகவரியில் வேறொரு விளம்பரம் வந்து நின்றது. ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்படி ஊருக்கெல்லாம் சொல்கிற நாம் இந்த ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை.

கட்டணம் பற்றிப் பேசுவதற்குத்தான் நம்மில் பலரும் தயங்குவோம். இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் எனப்படும் வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு, வீட்டுப் பத்திரப் பதிவு, இறந்தவர் சொத்து நிர்வாகம் போன்ற சில வகைப் பணிகளுக்கு எவ்வளவு ஆகும் என்பதை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2018 டிசம்பர் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. தளத்தில் அந்த அமைப்பின் டிஜிட்டல் முத்திரையும் இருக்க வேண்டும். அதைத் தொட்டால் அந்த அலுவலகம் உண்மையிலேயே ஒழுங்குமுறைக்கு உட்பட்டதா என்பது தெரிந்துவிடும். அங்கே விளம்பரத்துக்கு அனுமதி உண்டு; நமக்கு அந்த அனுமதி வேண்டாம், அந்த முத்திரை மட்டும் வேண்டும். போலி வழக்கறிஞர்கள் பற்றிய செய்திகள் அடிக்கடி வரும் நாட்டில், பதிவெண்ணைத் தொட்டால் மாநில பார் கவுன்சிலின் பதிவேடு திறந்து, இவர் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று தமிழில் காட்டுவது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! தொகைகளை வெளியிடுவது இங்கே விலைப்போட்டிக்கு இட்டுச்செல்லும் என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும், நீதிமன்றக் கட்டணம் வேறு வழக்கறிஞர் கட்டணம் வேறு, எந்தக் கட்டத்தில் எது செலுத்த வேண்டும், செலுத்தியதற்கு ரசீது உண்டு என்ற முறையை மட்டுமாவது எழுதலாம். வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்தில் தீர்ப்பளித்துவிட்டது. கட்சிக்காரர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாத நிலையில், அவருக்கு முன்கூட்டியே எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லும் பொறுப்பு நம் தலையில் கூடுதலாக ஏறியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இப்போது நடப்பது என்னவென்றால், பெரிய நகரத்துச் சட்ட நிறுவனங்கள் தங்கள் தளத்தின் வாசலில் ஒரு அறிவிப்புப் பெட்டியை வைத்து, ‘இது விளம்பரமன்று, பார்ப்பவர் தாமாகவே தகவல் தேடி வந்திருக்கிறார்’ என்று ஒப்புக்கொள்ளச் செய்து, உள்ளே தாங்கள் பெற்ற விருதுகள், நடத்திய ஒப்பந்தங்கள், கருத்தரங்கப் படங்கள் எல்லாவற்றையும் அடுக்கிவிடுகின்றன. அந்த ஒற்றைச் சொடுக்கு 36ஆவது விதியை எப்படிக் கரைத்துவிடுகிறது என்பது எனக்குப் புரியவில்லை. அவர்கள் பாணியைப் பார்த்து நகலெடுக்கும் சிறு அலுவலகம்தான் அகப்பட்டுக்கொள்ளும். நகலெடுக்க அஞ்சும் அலுவலகம் தளமே இல்லாமல் இருந்துவிடும். விதியை மதிப்பவருக்கு இழப்பும் மீறுபவருக்கு லாபமுமாக ஒரு விதி இருப்பது அந்த விதிக்கே நல்லதன்று.

ஆகவே, இந்திய பார் கவுன்சில் 2008ஆம் ஆண்டுப் பட்டியலைத் திறந்து, அலுவலக நேரம், செல்லும் வழி, நடத்தும் நீதிமன்றங்கள், கட்டண முறை, கொண்டுவர வேண்டிய ஆவணங்கள், பொதுவான சட்டக் கெடுக்கள் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். வெற்றி விகிதம், விருது, மதிப்புரை, புகைப்பட ஆடம்பரம், தரவரிசை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே விலக்க வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் டெல்லியின் ஒப்புதல் என்ற நடைமுறைக்கு ஒவ்வாத ஏற்பாட்டுக்குப் பதிலாக, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் தமிழில் ஒரு மாதிரிப் பக்கத்தை வெளியிட்டு, அதைப் பின்பற்றும் தளங்கள் ஒப்புதல் பெற்றவையாகக் கொள்ளப்படும் என்று அறிவிக்கலாம். மாதிரி ஒன்று கையில் இருந்தால் விற்பனை அழைப்புகளுக்கும் எளிதில் பதில் சொல்லிவிடலாம். அதுவரை, எங்களைப் போன்றோரின் ஒரு குறிப்பிட்ட ஐயத்துக்கேனும் பார் கவுன்சில் எழுத்துபூர்வமாக விடை தர வேண்டுகிறேன்: பாகப்பிரிவினை வழக்குக்கு வருகிறவர் என்னென்ன பத்திரங்களைக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு வழக்கறிஞர் தம் தளத்தில் தமிழில் எழுதி வைத்தால், அது 36ஆவது விதியை மீறியதாகுமா, ஆகாதா?

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
மன்னார்குடி.